கிளிபோட்டின் கராஜ் வாசலில் என் கார் நின்ற காரணம்

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி குலவீரசிங்கம் அவர்களுக்குத் தியாகலிங்கம் எழுதிக்கொள்வது. நானும் தவமணியும் நலம். எங்கள் மகள் துவாரகாவும் உங்கள் மகன் கீதனும் கல்யாணம் முடித்த இந்த ஐந்து மாதத்தில் உங்கள் வீட்டாரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

நேற்று நீங்கள் போனில், "சம்பந்தி, வெள்ளிக்கிழமை உங்கட கார் கிளிபோட்டின்ர கராஜ் வாசலில திரும்பேக்க கண்டனான்" என்று தொடங்கியதும், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. நீங்கள் கண்டது என் கார்தான்.

கல்யாண விருந்தில் என் தோளில் கைபோட்டு, "இனி உங்கட காருக்கு ஒயில் மாத்துறது எங்கட கராஜிலதான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னீர்கள். நானும் ஓம் என்றேன். ஆனால் பதினெட்டு வருசமாக அதை மாற்றுகிறவன் கிளிபோட். தவமணிக்கு ஒப்பரேசன் நடந்த அண்டு ஆஸ்பத்திரி வாசலில பனிக்குள்ள கார் கிளம்பாமல் நிண்டுது. ஆரோ தந்த நம்பருக்கு அடிக்க, முன்பின் தெரியாத இந்த மனுசன் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்கள் போய் அக்காவைப் பாருங்கோ அண்ணை, காரை நான் பாக்கிறன்" எண்டவன். அப்பிடிப்பட்டவனிட்டை, சம்பந்திக்குக் கராஜ் இருக்கு, இனி வரமாட்டன் எண்டு எந்த வாயால சொல்லுறது? உங்களிட்டை வந்தால் அவன்ர முகம் வாடும், அவனிட்டைப் போனால் உங்கட முகம் வாடும், இடையில துவாரகா மருமகனுக்கு முன்னால தலைகுனிய வேணும். ஆனபடியால ஒயில் மாத்துற தவணை தாண்டியும் ரெண்டு இடமும் போகேல்லை. ஓட்டினால்தானே ஒயில் பழுதாகும் எண்டு கோயிலுக்கும் கடைக்கும் பஸ்ஸில போனன். தவமணி ரெண்டு கிழமை பொறுத்தவ. மூண்டாம் கிழமை அரிசி மூட்டையோடை பஸ் ஏறேக்க, "மகளுக்கு மாப்பிள்ளை பாக்கவே நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லை" எண்டா.

பிறகுதான் தூரத்தில ஒஷாவாவில, நாங்கள் காரை விட்டு இறங்காமலே ஒயில் மாத்துற இடம் ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டன். அங்கை எங்கட ஆக்கள் ஆரும் காணமாட்டினம் எண்டு வெள்ளிக்கிழமை போனன். வரிசையில நிக்க ஒரு பிள்ளை கண்ணாடியில தட்டுது. "ஹாய் அங்கிள், துவாரகான்ர அப்பா எல்லே? நான் ஷாமிலா, கல்யாணத்தில தோழியா நிண்டனான். கீதன்ர அப்பான்ர கராஜ் இருக்கேக்க ஏன் இங்க வந்தனீங்கள்?" வழி மாறி வந்திட்டன் எண்டு சொல்லி, ஒயில் மாத்தாமலே காரைத் திருப்பினன். திரும்பி வரேக்க ரூஜ் ஆறு தாண்ட எஞ்சினுக்குள்ள ஆரோ அகப்பையால சட்டி சுரண்டுற மாதிரி ஒரு சத்தம். பயந்திட்டன் சம்பந்தி. யோசிக்க முதல், பதினெட்டு வருசம் பழகின கை தானாய்க் கிளிபோட்டின்ர வாசலுக்குத் திருப்பிப்போட்டுது.

அவன் உடனே காருக்குக் கீழ போனான். பழைய ஒயிலைத் திறந்து விட்டுப்போட்டு, "அண்ணை, உது ஒயில் இல்லை, தார்" எண்டான். பிறகு தட்டில இருந்து ஒரு ஃபில்ரர் பெட்டியை எடுத்தான். அதில என்ர பேர் எழுதியிருந்தது. "சம்பந்தியிட்டைத்தான் இனிப் போவியள் எண்டு தெரியும். எண்டாலும் உங்களுக்கெண்டு எடுப்பிச்ச பெட்டியைத் திருப்பி அனுப்ப மனம் வரேல்லை" எண்டான். நான் ரயரைப் பாக்கிற மாதிரி அங்கால போய் நிண்டிட்டன்.

ஆகையால் சம்பந்தி, பெரிய மனம் பண்ணி ஓர் ஒப்பந்தத்துக்கு வாருங்கள். ஒயில் மட்டும் கிளிபோட். பிரேக், ரயர், பற்றரி, பல்பு எல்லாம் நான் கார் ஓட்டும் காலம்வரை உங்களிடம்தான். வேறொன்றையும் கிளிபோட் தொடமாட்டான். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் நோ மாறவும், பிள்ளைகள் ரெண்டும் இப்படியே ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு நெடுங்காலம் வாழவும் முருகனை மன்றாடும்,

உங்கள் சம்பந்தி
தியாகலிங்கம்

பி.கு.: இதை என்வலப்புக்குள்ள வைக்கேக்க துவாரகா போன் எடுத்தாள். நேற்று நீங்கள் சொல்ல வந்தது, என்ர காரின்ர பின்பக்க இடது லைட் எரியேல்லை, பொலிஸ் மறிக்கப் போறாங்கள் எண்டதாம். ஒயிலைப் பற்றி நீங்கள் நினைக்கவே இல்லையாம். உடனே கீழ போய் லைட்டைப் போட்டுப் பாத்தன். ரெண்டும் எரியுது. கிளிபோட் ஒயிலோடை அதையும் மாத்திப்போட்டு எனக்குச் சொல்லேல்லை. ஆனபடியால மேலே உள்ள ஒப்பந்தத்தில பல்பை மட்டும் வெட்டிப்போட்டு வாசியுங்கோ.