புல்வெட்டும் வண்டியும் பட்லரின் மேசைவிரிப்புகளும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இருபத்திரண்டு வயதுவரை இல்லை. யாராவது நேராக முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் போதும், என் தலை தானாக ஆடிவிடும். (நான்காம் வகுப்பில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது ஆடத் தொடங்கியது. படிப்பு அந்த வருடமே நின்றது, தலை நிற்கவில்லை.)

எழுபதுகளில் இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கடலைக்காடு காய்ந்து சருகானது. நான் பஸ் ஏறி மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தற்காலிகக் கூலியாகச் சேர்ந்தேன். மூன்று மாதம்தான் வேலை, அப்புறம் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரிலோ திரும்பிப்போய்ச் செய்ய ஒன்றுமில்லை.

எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையின் பங்களா முன்னால் அகலமான புல்தரை, பாதியில் சரிந்து கீழே ஓடைவரை போகும். அதை வெட்டுவதற்கு ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் காலத்துத் துரை யாரோ கப்பலில் வரவழைத்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஒருநாள் காலையில் துரை கூலிகளை வரிசையாக நிறுத்தினார். அவர் மலையாளி.

"பாலக்காட்டுக்காரா, டிராக்டர் ஓட்ட அறியுமோ?"

தலை ஆடியது. (பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு டிராக்டரின் மீது சாய்ந்து நின்று டீ குடித்திருக்கிறேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம்.)

"நாளைக்கு நாலு மணிக்குக் கம்பெனி ஆளுகள் வரும். புல்தரையில் டீ பார்ட்டி. தரை நன்னாயிருந்தால் உனக்கு நிரந்தர வேலை. லயத்தில் ஒரு வீடும் தராம்."

அன்றிரவு தூங்கவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டில் எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று யோசித்தேன். வண்டியை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏறி உட்கார்ந்தேன். புல்லில் பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினேன், கைக்குக் கிடைத்த நெம்புகோல்களை எல்லாம் தள்ளினேன், வண்டி கிளம்பியது! மேட்டுப் பகுதியில் நாலைந்து சுற்று அழகாகப் போனேன். வெட்டிய புல்லைக் கூடையில் அள்ளிப் பங்களா மாடுகளுக்குக் கொண்டுபோகும் பேச்சியம்மா கூட நின்று பார்த்தாள். (எனக்கு முதுகு நிமிர்ந்தது.)

அடுத்தது சரிவு. எங்கள் ஊரில் சரிவான காட்டைக் குறுக்கேதான் உழுவோம். மேலிருந்து கீழாக உழுதால் மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். அப்பா சொல்லிச் சொல்லி எலும்பில் ஏறிய பாடம். அதனால் வண்டியையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பினேன்.

"யோவ், குறுக்க போவாத!" என்றாள் பேச்சியம்மா.

ஒரு பெண்ணிடம் ஏன் என்று கேட்பதா? தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கியது. வண்டி முன்னால் போகாமல் பக்கவாட்டில், நண்டுபோல, கீழே இறங்கத் தொடங்கியது. "ஓவ்... ஓவ்..." என்று மாட்டை அதட்டுவதுபோல் அதட்டினேன். அதற்குத் தமிழ் தெரியவில்லை. கீழே ஓடைக்கு முன்னால், பார்ட்டிக்கென்று பட்லர் வர்கீஸ் துவைத்த ஆறு வெள்ளை மேசைவிரிப்புகளைப் புல்லில் காயப் போட்டிருந்தார். ஓட்டுவதற்கு முன் தரையை ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

முதல் மூன்றும் பஞ்சாகப் பறந்தன. நான்காவது பிளேடில் சுருண்டு, வண்டி உறுமி, நின்றது. ஓடைக்கு இரண்டு முழம் இருந்தது.

சமையலறை வாசலிலிருந்து வர்கீஸ் ஓடிவந்தார். "எடா பாவி! என்டெ விரிப்பு!"

நான் பதற்றத்தில் இறங்கி, துணியை உருவ வண்டிக்கடியில் கையை நீட்டினேன்.

"கைய எடுய்யா!" பேச்சியம்மா கூடையை வீசிவிட்டு வந்தாள். "மொதல்ல சாவியப் புடுங்கு! வெரலு அஞ்சும் வேணாமா ஒனக்கு?"

சாவியைப் பிடுங்கினேன். அதற்குள் துரை சரிவின் மேலே வந்து நின்றுகொண்டிருந்தார். "நீ இதுக்கு முன்பு எந்த வண்டியாவது ஓட்டியிட்டுண்டோ?"

தலை ஆடத் தயாரானது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். (பொய்யில்லை, உண்மையாகவே பிடித்துக்கொண்டேன்.)

"இல்லீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. ஆனா நாலு மணிக்குள்ள முடிச்சுத் தர்றனுங்க."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆளும் இல்லை. உள்ளே போய்விட்டார்.

நான் பேச்சியம்மாவிடம் திரும்பினேன். "ஏனுங்க, எப்படீங்க ஓட்டோணும்?"

"இத மொதல்லயே கேட்டா வாயில முத்து உதிந்துருமோ?" என்றாள். இரண்டு வருடம் பழைய டிரைவரின் பின்னாலேயே புல் அள்ளியவள். "பனி காயட்டும். கல்லு, குச்சியெல்லாம் பொறுக்கு. சரிவுல மேல கீழ மட்டும் போ. சரிவுல வச்சுத் திருப்பாத. சாவியப் புடுங்காம எறங்காத."

வெயில் ஏறும்வரை இருவரும் கல் பொறுக்கினோம். வர்கீஸ் பிளேடிலிருந்து துணியை உருவியபடி மலையாளத்தில் எனக்குத் தெரியாத சொற்களாகப் பொழிந்தார். அப்புறம் ஏறினேன். மேலே, கீழே, மேலே, கீழே. மூன்றரை மணிக்குத் தரை பாய் விரித்ததுபோல் கிடந்தது. கம்பெனி ஆட்கள் நான்கு மேசையை விரிப்பில்லாமலே பார்த்தார்கள், ஆனால் புல்லைத்தான் புகழ்ந்தார்கள். மறுவாரம் சின்னச்சாமி என்ற என் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது.

லயத்து வீட்டில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்பதை அடுத்த தை மாதம் பேச்சியம்மாவே முடிவு செய்தாள். நான் யோசித்து வைத்திருந்த மூலை அவளுக்குப் பிடிக்கவில்லை.

சம்பவம் நடந்த மறுநாளே வர்கீஸ் இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு கயிறு கட்டினார். அதன் பிறகு அந்தப் பங்களாவில் யாரும் புல்லில் துணி காயப்போட்டதில்லை. பட்லர்கள் மாறினார்கள், துரைகள் மாறினார்கள், கயிறும் பலமுறை மாறியது, அதற்கு விழுந்த பெயர் மட்டும் மாறவில்லை. போன மாதம் புதிதாக வந்த பட்லர் சமையல்காரப் பெண்ணிடம் கத்துவது என் காதிலேயே விழுந்தது:

"சின்னச்சாமியில கெடக்குற துணிய எடு, மழை வருது!"

பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அந்தப் பட்லருக்கு இன்னும் தெரியாது, சின்னச்சாமி என்பது ஒரு ஆள் என்று.