வேன் ஏறிய ரோதமுனி

நானுஓயாவில் முனி இப்போது வேனில்தான் போகிறது.

சிரிக்க வேண்டாம். ரோதமுனி அடியாரின் தகரக் கொட்டகைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள். பூண்டுலோயா வேன், பட்டிப்பொல கார், எல்லாவற்றின் நெற்றியிலும் விபூதி. வண்டிக்காரர்கள் குளிரில் வெறுங்காலோடு நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். கால் விறைத்தால்தான் பக்தி.

ரோதமுனி தேயிலை ஃபெக்டரியின் காவல் தெய்வம். பெரிய ரோதை, அதாவது சக்கரம், சுற்றும் இடத்தில் ஒரு கல், ஒரு சூலம், வருஷத்துக்கு ஒரு சேவல். இயந்திரத்துக்குச் சில விரல்களைக் கொடுத்தவர்கள், மிச்ச விரல்களைக் கூப்பி வணங்கிய சாமி.

அதற்கு அடியார் புது வரலாறு சொன்னார். "ஃபெக்டரிய மூடிட்டாங்க. முனி எங்க போகும்? ரோதை சுத்துற எடத்துக்குத்தான் போகும். வேனுக்கு நாலு ரோதை இருக்கே!"

கூட்டம் அரோகரா போட்டது. வேலை போன முனிக்கு வேன் கிடைத்துவிட்டது. வேலை போன தொழிலாளிக்கு பஸ்ஸில்கூட இடமில்லை.

டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தால், அது முனியின் கண். வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால், முனியின் மூச்சு. பெட்ரோல் எண்ணெய் அடித்த கையோடு ஸ்டார்ட் ஆகாவிட்டால் முனி மறிக்கிறது.

பூசைக்கு முன்னால் மேட்டிலிருக்கும் பெட்ரோல் செட்டில் டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும். "முனிக்கு வயிறு நெறையணும்." இதை நம் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எண்ணெய்க்கு வரிசையில் படுத்துக் கிடந்த வருஷத்தில் பிடித்த பழக்கம். பம்ப் தானாக 'டக்'கென்று நின்ற பிறகும் நாலு பேர் சேர்ந்து வேனைக் குலுக்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றி, டேங்கின் கழுத்தில் பெட்ரோல் பளபளக்கும்வரை விடமாட்டார்கள். தட்டுப்பாடு தீர்ந்தது. குலுக்கல் தீரவில்லை.

நிரப்பியதும் வண்டி செத்துவிடும். செட்டிலிருந்து இறக்கம். லேசாகத் தள்ளினால் உருண்டு வந்து கொட்டகை வாசலில் நிற்கும். தெய்வச் செயல் என்றார்கள். கொட்டகைக்கு இடம் பார்த்தவனின் மூளையை யாரும் பாராட்டவில்லை.

அடியார் உடுக்கை அடிப்பார். பானட்டைத் திறந்து, பெட்டரி வயரைக் கழற்றி, மஞ்சள் கயிறு சுற்றித் திரும்ப மாட்டுவார். பானட்டுக்குச் சூடம் காட்டுவார். பிறகு கர்ஜிப்பார்: "ஆக்ஸிலேட்டர அடிவரைக்கும் மிதி! சாவியத் திருப்பு! முனி அலறும்!" அலறும். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடிக்கும். லைட்டும் அணைந்திருக்கும். சில நாளில் லைட் திரும்பும். அதன் பின்னாலேயே ஆளும் திரும்புவார்.

பழனியாண்டி அப்படித் திரும்பித் திரும்பி வந்தவர். தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீடுகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் ஒரே வேன் அவருடையது. போன முறை அடியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"முனி குடியேறிருச்சு. இனி எறங்காது. பலி கேக்குது. ஒன் வேன்ல போறது புள்ளைங்கதானே?"

பழனியாண்டி சட்டென்று வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை கொண்டாந்து ஒப்படைச்சிரு. என் மச்சான் ஜெயகாந்தன் பழைய இரும்பு வெலைக்கு எடுத்துக்குவாரு. அவருக்கு மந்திரக் கட்டு இருக்கு."

மச்சான் ஏற்கெனவே பல வேன்களை அப்படிக் காப்பாற்றியிருந்தார். அவையெல்லாம் கண்டியில் சுகமாக ஓடுகின்றன. கண்டி வெயில் முனிக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

பழனியாண்டியின் மனைவி நாகலெட்சுமி, குவைத்தில் அடுத்தவர் வீட்டுத் தரை துடைத்து வாங்கிய வேன் அது.

"வித்துட்டு? புள்ளைங்க நாலு கட்ட தூரம் நடந்து போகவா?"

"உசுரு புள்ள! பள்ளத்துல விழுந்தா நீயா பதில் சொல்லுவ?"

"புள்ளைங்கள கேக்குற அளவுக்கு நம்ம சாமி கெட்ட சாமியாங்க? நான் நம்ப மாட்டேன்."

மறுநாள் அவளே வேனை ஓட்டிக்கொண்டு ராசிக்கின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். ஊருக்கே நானாவான, அதாவது அண்ணனான, ராசிக் மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, டேங்க எப்புடி நெரப்புறீங்க?"

"வாய் வரைக்கும் நானா. குலுக்கி."

ராசிக் தலையில் அடித்துக்கொண்டார். வேனுக்கு அடியில் புகுந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோல் சொட்டியது.

"இதுக்குள்ள கரி இருக்கு. டேங்குல எழும்புற ஆவிய இது புடிச்சு வைக்கும். எஞ்சின் ஓடுறப்ப இந்தச் சின்ன வால்வு தொறந்து, கொஞ்சம் கொஞ்சமா உள்ள அனுப்பும். ஆவி குடிக்கிற கரிக்கு நீங்க பெட்ரோலையே ஊத்தியிருக்கீங்க. கரி ஊறி, ஒடஞ்சு, வால்வுல போய் மாட்டிக்கிச்சு. கரண்ட் இல்லாதப்ப இந்த வால்வு மூடியிருக்கணும். ஊதிப் பாருங்க."

ஊதினாள். காற்று தாராளமாக அந்தப் பக்கம் போனது.

"அதான். எண்ணெய் அடிச்சதும் அம்புட்டு ஆவியும் எஞ்சினுக்குப் போயிருது. காத்து பத்தாம தெணறுது. கொழும்புலருந்து பார்ட்ஸ் வரணும். அதுவரைக்கும் ஸ்டார்ட் ஆகலன்னா ஆக்ஸிலேட்டர அடிவரைக்கும் மிதிச்சுட்டுத் திருப்புங்க. காத்து நெறைய போகும், புடிச்சிரும்."

"இதத்தான் நானா அடியாரும் சொல்றாரு!"

"அப்ப அவரு எந்தக் கராஜ்ல வேல பாத்தாருன்னு கேளுங்க."

"லைட்டு அணையிதே?"

"பெட்டரிய கழட்டினா மறந்திரும். கொஞ்ச நாள்ல ஞாபகம் வரும்."

வெள்ளிக்கிழமை. டேங்கை நிரப்பினார்கள். வேன் செத்தது. உருண்டு கொட்டகைக்கு வந்தது. ஓட்டுகிற சீட்டில் நாகலெட்சுமி. அடியார் உடுக்கையைத் தூக்கினார்.

"சாமி, அதக் கீழ வைங்க. மந்திரம் வேணாம். கயிறு வேணாம். சும்மா நில்லுங்க."

"ஏ பொம்பள, முனி அடிச்சிரும்!"

"அடிக்கட்டும்."

அடிவரை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். வேன் இருமியது, புகை கக்கியது, பிடித்தது. யாரோ பழக்கதோஷத்தில் அரோகரா போட்டார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அடியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. "நடிக்குது! பணிஞ்ச மாதிரி நடிக்குது! மோந்து பாருங்க, முனி மூச்சு! கோவத்துல இருக்கு!"

நாகலெட்சுமி எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். வாடை குப்பென்று கூட்டத்தின் மூக்கில் ஏறியது.

"இதுதானே சாமி முனியோட மூச்சு?"

"ரோதமுனி மூச்சேதான்!"

"எப்பவும் முன்னால பானட்டுக்கே சூடம் காட்டுறீங்க. முனி பின்னாலல்ல இருக்கு? இங்க வந்து காட்டுங்க."

அடியார் அசையவில்லை. "அதுக்கு... நேரம் சரியில்ல."

பழனியாண்டிக்கு அது பொறுக்கவில்லை. பெண்டாட்டி சாமியை அவமதித்துவிட்டாள், பரிகாரம் செய்தாக வேண்டும். "நான் காட்டுறேன் சாமி!" என்று சூடத்தட்டையும் தீப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு டேங்க் பக்கம் ஓடினார்.

"டேய் மடையா!" அடியார் பின்னால் பாய்ந்தார். "பத்த வைக்காதடா! முனியும் இல்ல, மண்ணும் இல்ல, பெட்ரோல் ஆவிடா அது! எல்லாரும் எரிஞ்சு செத்துருவோம்!"

தீப்பெட்டியை நாகலெட்சுமி ஏற்கெனவே பிடுங்கியிருந்தாள்.

வேனைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்த பொன்னையா மெல்ல முன்னால் வந்தார்.

"சாமி, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

அடியார் தேயிலை நிரைக்குள் இறங்கி ஓடினார். மச்சான் ஜெயகாந்தன் அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தார். மந்திரக் கட்டு உள்ளவர் அல்லவா, முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

பார்ட்ஸ் வந்தது. புது வால்வு, கரிப்பெட்டி, டேங்க் மூடிக்கு நல்ல ரப்பர். மேல் டிவிஷன் பிள்ளைகள் அதே வேனில் பள்ளிக்கூடம் போகிறார்கள். பம்ப் 'டக்'கென்றதும் பழனியாண்டி போதும் என்கிறார்.

அதற்குப் பிறகு ராசிக் கடையில் கூட்டம். வண்டி சரியான ஒரு வேன்காரர் கண் கலங்கி, "நானா, நீங்கதான் எங்களுக்கு இனி தெய்வம்" என்று அவர் காலில் விழப்போனார். ராசிக் அலறிக்கொண்டு பின்வாங்கினார்.

"விடுங்க! நான் சொல்றதயும் நம்ப வேணாம். இந்தாங்க பழைய வால்வு, நீங்களே ஊதிப் பாருங்க."

அவர் ஊதவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு கால் போனால் விழுவதற்கு இன்னொரு காலைத் தேடுகிறோம். நமக்கே இரண்டு கால் இருக்கிறது. அதில் நின்று யோசித்துப் பார்க்க எவன் அனுமதி தர வேண்டும்?