நீலப்புலியின் மதிப்பெண் பட்டியல்

கணக்கு வாத்தியார் சபதம் போட்டால் நாலு பேர் காதில் விழும்படிதான் போடுவார். பள்ளிக்கூடத்தில் ஆன்லைன் வினாடி வினா வந்தபோதும் அப்படித்தான். "சாக்பீஸ் பிடிச்ச கை இது. பொம்மை காட்டிப் பாடம் நடத்தாது" என்று ஆசிரியர் அறை மேசையைத் தட்டிச் சொன்னார். எதிரில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தவர் அறிவியல் டீச்சர். வினாடி வினாவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். வாத்தியாரின் மனைவியும் அவர்தான்.

மறு வாரமே தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். வியாழக்கிழமை வாத்தியாரின் வகுப்பில் அவரே வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். ஆன்லைனில் கேள்வி கொடுத்துப் பாடம் நடத்த வேண்டும். சரிப்படாவிட்டால் பத்தாம் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அவர் கையில் இருக்கும் வகுப்பு.

மனைவியைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடுவார். ஆனால் தட்டிய மேசை தட்டியதுதானே.

திட்டம் பிறந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பார். தப்பாகச் சொல்லக் கூச்சப்படக் கூடாதென்று பிள்ளைகள் எல்லோரும் புனைபெயரில்தான் வருவார்கள். அன்று முப்பத்திரண்டு பேருக்குப் பின்னால் முப்பத்துமூன்றாவதாக நீலப்புலி நுழைந்தது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"பேப்பர் திருத்துறேன்."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"பசங்க மார்க்கெல்லாம் ரகசியம்."

"அதுவும் சரிதான்."

டீச்சரின் குரல் முதலில் சுவர் வழியாக வரும். ஒரு நொடி கழித்து ஹெட்போனில் வரும். இருபது வருடமாக ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்காத குரலை வாத்தியார் இரண்டு தடவை கேட்டார்.

டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டம் என்ன ஆகும் என்பது கேள்வி. உயரும் என்று இருபது பேர் அமுக்கினார்கள். அவசரப்பட்டு அமுக்கிய அந்த இருபதில் நீலப்புலியும் ஒன்று. வாத்தியாராக இருந்தால் இந்நேரம் இருபது பேரும் எழுந்து நின்றிருப்பார்கள்.

டீச்சர் திட்டவில்லை. "இருபது பேர் ஒரே தப்பைப் பண்ணினா, நான் சொன்ன விதம்தான் சரியில்ல. இன்னொரு மாதிரி சொல்றேன்" என்றார். மறுபடி கேட்டபோது இரண்டு பேர்தான் தவறினார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட மாறி மாறிப் பதில் போட்டார்கள். இப்படிப்பட்டவள் கூடவா குடித்தனம் நடத்துகிறோம் என்று வாத்தியாருக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு சறுக்கல். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை, எல்லோரும் எழுதும் திரைப்பலகையில் அலகு போடாமல் விடை எழுதிவிட்டது. வாத்தியார் கை அடங்குமா? நோட்டுகளில் வருடக்கணக்காக எழுதி வரும் வாசகத்தைச் சிவப்பில் எழுதியே விட்டார்: கவனக்குறைவு. பெற்றோர் கையொப்பம் தேவை. அடுத்த நொடியே அழித்தும் விட்டார். டீச்சர் லேசாக இருமியதோடு சரி.

வியாழக்கிழமை வந்தது. பதினேழு பேர் தப்பாக அமுக்கினார்கள். வாத்தியார் மூச்சை இழுத்து, "நான் சொன்ன விதம் சரியில்ல. இன்னொரு மாதிரி சொல்றேன்" என்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை எழுந்து வந்து கை கொடுத்தார். பத்தாம் வகுப்பு பிழைத்தது.

வீட்டுக்குள் நுழையும்போது வாத்தியாரின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றிருந்தது.

"எல்லாம் நானா யோசிச்ச முறை. யார்கிட்டயும் கத்துக்கல."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்ற டீச்சர் கைபேசியை நீட்டினார்.

திரையில் மதிப்பெண் பட்டியல். பெயர்: நீலப்புலி. வருகை: தவறாமல். ஆர்வம்: மிக நன்று. நல்ல பிள்ளை, முன்னுக்கு வரும். அதற்குக் கீழே சிவப்பில்: கவனக்குறைவு. பெற்றோர் கையொப்பம் தேவை.

வாத்தியார் அசடு வழிந்தார். "சரி, சரி. கையெழுத்தெல்லாம் எதுக்கு, விடு."

"அதெப்படி விட முடியும்? மத்தியானமே அத்தைக்கு அனுப்பிட்டேன். போட்டு அனுப்பிட்டாங்க. எட்டாவதுல உங்களுக்காகப் போட்ட அதே கையெழுத்தாம்."