கிருமிகளுக்கும் ஈஸ்டர்

இந்த ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி தின்றே தீருவது என்று இன்னாசிராஜ் முடிவு கட்டிவிட்டார். தவக்காலம் பூராவும் கறி வாடையைக்கூட மோந்து பார்க்காமல் இருந்தவர். அதற்குக் காரணம் பாதி பக்தி, பாதி மனைவி ராயம்மாள்.

வினை தருமபுரியில் ஒரு டாக்டர் அறையில்தான் ஆரம்பித்தது. இன்னாசிராஜின் கல்லீரலில் படிந்திருந்த கொழுப்பு குறைந்திருக்கிறது என்று மெச்சிய டாக்டர், காரணத்தையும் சொல்லித் தொலைத்தார். குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். கேழ்வரகு, கீரை, பயறு என்று நாருள்ளதைப் போட்டால் அதை நல்ல அமிலமாக ஆக்கித் தருமாம்; கல்லீரல் தேறுமாம். ஆட்டுக்கறியை அள்ளிப் போட்டால் அதே கிருமிகள் வேறொன்றை ஆக்குமாம். கல்லீரல் அதை இன்னும் கெடுத்து ரத்தக் குழாய்க்கு அனுப்பிவிடுமாம். இன்னாசிராஜ் கேட்டதில் பாதியை பஸ்ஸிலேயே மறந்துவிட்டார். கூடப் போயிருந்த ராயம்மாள் ஒரு சொல் விடாமல் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவரல்ல. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வாயாலேயே பிழைப்பவர். ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து வந்ததும் அடுப்படி வாசலில் நின்று வழக்கைத் தொடங்கினார்.

"ராயம்மா, நான் மட்டுமா நாப்பது நாளு ஒருசந்தி இருந்தேன்? உள்ள இருக்கற கிருமிங்களும்தான கறி இல்லாம காஞ்சு கெடந்துச்சு. வாயில்லா சீவனுங்க. அதுங்களுக்கு ஈஸ்டர் வேண்டாமா?"

ராயம்மாள் மறுத்துப் பேசவில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கறி எடுத்து வரச் சொன்னாள். இன்னாசிராஜ் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மதியம் குழம்பு வாசம் தெருவையே தூக்கியது. கையைக் கழுவிக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தார். தட்டில் விழுந்தது கேழ்வரகுக் களி. பக்கத்தில் கீரைக் கடைசல்.

"என்ன ராயம்மா இது?"

"நல்ல நாளும் அதுவுமா விருந்தாளிக்குப் போட்டுட்டுத்தானுங்க வூட்டுக்காரரு சாப்புடணும். அதுங்களுக்கு இதுதான் ஒத்துக்கும்னு டாக்டரே சொன்னாருங்களே. மொதல்ல அதுங்க சாப்புடட்டும். அப்பறம் நீங்க கறி சாப்புடுங்க."

கிருமிகளுக்குப் பரிந்து பேசியது அவர்தானே. ஓர் உருண்டையை விழுங்கி முடித்தார்.

"கோடிப் பேருக்கு ஒரு உருண்டை பத்துமாங்க?" என்று இன்னொன்றை வைத்தாள். அதுவும் இறங்கியது. மூன்றாவதும் வந்தது. விருந்தாளிகள் சார்பில் போதும் என்று இவர் எப்படிச் சொல்வது? களி பசியை ஆற்றுகிற சாப்பாடு மட்டுமல்ல, வயிற்றுக்குப் பூட்டுப் போடுகிற சாப்பாடு.

கறிக் குழம்பு வந்தபோது அவருக்கு ஏப்பம் வந்தது. ஒரு துண்டு தின்றார். அதற்கு மேல் வயிற்றில் இடமில்லை. அழுகை முட்டியது. எதிரே ராயம்மாள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்ச ஆரம்பித்தாள்.

"உன் வயித்துலயுந்தான் கிருமிங்க இருக்குது," என்றார் கடைசி நம்பிக்கையோடு. "அந்த விருந்தாளிங்களுக்கு மொதல்ல போட வேண்டாமா?"

"அதுங்களுக்கு நேத்தே போட்டுட்டேனுங்க," என்றாள் ராயம்மாள்.