சித்தப்பாவுக்கு முன்னால் குடித்தவன்

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்பவனுக்கு அரை மணி நேரமாவது மரியாதை கிடைக்கும். எனக்கு அதுகூட முழுசாகக் கிடைக்கவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் பொங்கல். நான் மலாக்காவில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்கார மேனேஜர் வீட்டு விருந்தில் இரண்டு முறை ஒயின் குடித்திருந்தேன் (ஒரு முறை அவர் மிச்சம் வைத்தது). அந்தத் தகுதியோடு அதே ஊர் காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய சிட்டித் தமிழர் வீடு ஒன்றில் பெண் கேட்டிருந்தேன். லெட்சுமிக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பா, எல்லோரும் பிள்ளை என்று கூப்பிடும் மனிதர், சரி சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் சாமியும் சடங்கும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். என் மலாய் சுமார்தான், வாய் பெரிது. ஒயினில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரிடம் முதல் நாளே அளந்துவைத்திருந்தேன்.

போகி அன்று வரச் சொன்னார். அன்று அவர்களுக்குப் பர்ச்சு. இறந்துபோனவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு. பிள்ளையின் தம்பி, லெட்சுமிக்குச் சித்தப்பா, இத்தாலியக் கப்பலில் சமையல்காரராக இருந்து இறந்தவர். அவர் கடைசியாகக் கொண்டுவந்த ஒயின் பாட்டிலை அண்ணன் பல வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்தார். தக்கையைப் பிடுங்கத் தெரிந்த ஆள் இப்போதுதான் கிடைத்திருக்கிறான், தம்பிக்குப் படைத்துவிடலாம் என்றார். பிடுங்குவது மட்டும்தான் என் வேலை.

பிடுங்கி, குவளையில் ஊற்றினேன். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆரஞ்சு நிறம், கலங்கல் வேறு. பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன் (வருங்கால மாமனாரை). குவளையைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் உறிஞ்சி, மேனேஜரைப் போலவே கொப்பளித்தேன். ஆறிப்போன கடுந்தேத்தண்ணீர் மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. ஜன்னல் வழியாகத் துப்பினேன். கெட்டுப்போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, யாரும் தடுப்பதற்குள் பாட்டிலையும் அதே ஜன்னலில் கவிழ்த்தேன்.

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை என் கையிலிருந்த காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேக் குவா பெலும் மினும்," என்றார். என் தம்பி இன்னும் குடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குவளையில் மிஞ்சியிருந்ததும் என் எச்சில். சாமிக்கு வைக்கும் பொங்கலை அடுப்படியிலேயே ருசி பார்த்ததற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் முதுகில் வாங்கியவன் நான். பிறகு பிள்ளை மெதுவாகச் சொன்னார்: வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவைப்பார்களாம், நிறம் அதனால்தானாம், தேத்தண்ணீர் போலத் துவர்ப்பதால்தான் தம்பிக்கு அது பிடிக்குமாம். அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறார். தம்பியின் இலையில் அன்று வெறும் தண்ணீர் வைத்தார்கள். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

பெண் விஷயத்தை அடுத்த பர்ச்சுக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் தேடினேன். அந்த ஒயின் சிங்கப்பூரில்கூடக் கிடைக்கவில்லை. நிறமாவது ஒத்துப்போகட்டும் என்று ஓர் ஆரஞ்சு சோடாவோடு போய் நின்றேன். பிள்ளை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி திறக்கப்படவில்லை என்று உறுதியான பிறகே என்னை உள்ளே விட்டார். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது.

மாமாவும் இப்போது இல்லை. தம்பியின் இலைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஓர் இலை உண்டு. பர்ச்சு அன்று சமையல் முடிந்ததும் என் மகள் கூடத்துக்கு வருவாள். பேரப்பிள்ளைகள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

"அப்பா, வாயைக் காட்டுங்க லா."

காட்டுகிறேன். நாக்கையும் தூக்கிக் காட்டுகிறேன். அவள் நன்றாகப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மாமாவுக்கு இலை போடுவார்கள்.