மச்சான் குடும்பம் வந்திருக்கிறது

"நாலு பேர்," என்று சொல்லிவிட்டார் பல்செட்காரர். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பொய் என்பது உறைத்தது.

மாடிப்படியில் எதிரே நின்ற ரயில்வே கார்டு புருவத்தை உயர்த்தினார். "அடேயப்பா! யார் யாரு?"

"மச்சான், அவரு சம்சாரம், ரெண்டு பசங்க. திங்கக்கிழமைதான் கிளம்பறாங்க."

"நல்லதாப் போச்சு சார். வீடு கலகலன்னு இருக்கும்."

கார்டு முதலில் கேட்டது, "சனி ஞாயிறும் தனியாத்தானா சார்?" என்பது. அந்தக் குரலில் ஓர் 'ஐயோ பாவம்' இருந்தது. அந்த ஐயோ பாவத்துக்குப் பயந்துதான் பல்செட்காரர் வீட்டையே மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மனைவி இறந்துபோன பிறகு பழைய தெருவில் எல்லாரும் அவரிடம் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். இந்தப் புது இடத்தில் இரண்டு மாதமாக நிம்மதி. நிம்மதி என்றால், பேச ஆளே இல்லை.

அவருக்குப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்கிற வேலை. வாரம் முழுக்க மேஜைமேல் பல் வரிசைகள் இளித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை வந்தால் அந்தச் சிரிப்பும் கிடையாது.

எதிர்வீட்டு கார்டு, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க வீட்ல எட்டு பேர். ஒரே கூச்சல், மன்னிச்சுக்கணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். குளிர் காலத்தில் எல்லார் கதவும் சாத்தியே இருந்ததாலும், வேலை முடிந்து இருட்டிய பிறகே திரும்பியதாலும் பல்செட்காரர் அந்த எட்டு பேரைப் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறார். சாயங்காலமானால் ஒரு பெண் யாரையோ அதட்டுவாள், குழந்தைகள் கெக்கலி கொட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்கிற பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டதுண்டு. வெட்கக்கேடுதான், ஆனால் சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

சரி, மச்சான் குடும்பம் வந்தாகிவிட்டது. வாசலில் செருப்பு வேண்டாமா?

தன்னிடமிருந்த பழைய செருப்பு, ஷூ எல்லாவற்றையும் எடுத்துக் கதவுக்கு வெளியே போட்டார். பெண் செருப்பு இல்லாமல் குடும்பம் ஏது? அலமாரிக்கு அடியிலிருந்து மனைவியின் செருப்பை எடுத்தபோது கை சற்று நின்றது. "கோவிச்சுக்காதே. உங்க அண்ணன் மானத்தைக் காப்பாத்தணும்," என்று சொல்லி அதையும் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்தது துணி. அத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஓர் ஆளின் துணி மட்டுமா கொடியில் தொங்கும்? துவைத்து மடித்து வைத்திருந்ததையெல்லாம் மறுபடி நனைத்துப் பால்கனியில் தொங்கவிட்டார். போர்வையையும் விடவில்லை. அந்தக் குளிரில் எது காயும்? மாலைக்குள் அவரிடம் உலர்ந்த துணி என்று இருந்தது உடம்பில் இருந்தது மட்டும்தான்.

பிறகு சத்தம். டிவியில் ஒரு பெரிய குடும்பத்துப் படமாகத் தேடிப் பிடித்து, ஒலியைக் கூட்டினார். எதிர்வீட்டிலும் சிரிப்பு கூடியது. இவர் இன்னும் கூட்டினார். அங்கேயும் கூடியது. எட்டு பேரை நாலு பேர் ஜெயிக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

கார்டு நின்றிருந்தார். தோளில் கம்பளிகள், கையில் ஆவி பறக்கும் ஓர் அண்டா.

"கொடியில போர்வையெல்லாம் ஈரமாத் தொங்குதே சார். இது எங்க வீட்ல உபரியா இருந்தது. அப்புறம் இது கோழி சூப். எட்டு பேருக்கு வைக்கிற இடத்துல இன்னும் நாலு பேருக்கு வைக்கிறது ஒரு பெரிய விஷயமா?"

"ஐயோ, எதுக்கு சார் சிரமம்..."

"மச்சானைக் கூப்பிடுங்க. ஒரு வணக்கம் போட்டுட்டுப் போயிடறேன்."

"அவரு குளிக்கிறாரு."

"அந்தம்மா?"

"அவங்களும்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவங்க தூங்கறாங்க சார்."

அந்த நேரம் பார்த்து உள்ளே டிவியில் ஒருத்தி வீறிட்டு அழுதாள்.

"தூக்கத்துல அப்படித்தான்," என்றார் பல்செட்காரர்.

"எங்க வீட்லயும் உண்டு," என்று கார்டு பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "அண்டா மட்டும் காலையில வேணும் சார். எங்க கூட்டத்துக்கு அது இல்லாம ஆகாது."

வேறு பாத்திரத்தில் மாற்றலாம் என்றால் அவரிடம் இருந்தவை எல்லாம் ஓர் ஆளுக்கான பாத்திரங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்று அண்டாவைச் சாய்க்கவும் செய்தார். ஆவி முகத்தில் அடித்தது. இன்னொருவர் கையால் ஆக்கிய உணவு அந்த வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. மனம் வரவில்லை. உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார். ராத்திரி மச்சானுக்காகக் குடித்தார், காலையில் எழுந்து பசங்களுக்காகக் குடித்தார்.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. மனைவி இருந்தவரை ஒரு கிண்ணம்கூட அவர்கள் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது நூடுல்ஸ் ஒன்றுதான். கடைக்குப் போய் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, எட்டு பேருக்கு ஆக்கி, அண்டாவின் வாய்வரை நிரப்பிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

கார்டு கதவைக் கையகலம் திறந்து, அண்டாவைப் பார்த்தார். கண் ஒருமுறை சுற்றியது.

"மச்சான் சம்சாரம் பண்ணாங்க. உங்க எட்டு பேருக்கும் பத்துமா சார்?"

"பத்தும்," என்றார் கார்டு மெல்ல. "பத்தும் சார். தாராளமாப் பத்தும்."

மதியம் தாண்டி அண்டா திரும்பி வந்தது. அதுவும் வெறுமையாக வரவில்லை. மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் போட்டு, கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில்.

"பசங்க வழிச்சு நக்கிட்டாங்க சார்!" கார்டுக்கு மூச்சு வாங்கியது. அண்டாவின் கனம் போலும் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

கார்டு உடனே போகவில்லை. கதவு நிலையைத் தடவிக்கொண்டு நின்றார். "சார், ஒண்ணு கேக்கணும். உங்க வீட்ல ரெண்டு நாளா டிவி ஜோராப் போகுது. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பாக்கறீங்க. நானும் கொஞ்ச நேரம் வந்து உட்காரட்டுமா? என் கூட்டம் வேண்டாம், நான் மட்டும்தான். ஓரமா உட்கார்ந்துக்கறேன்."

பல்செட்காரருக்கு 'வாங்க சார்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உள்ளே மச்சான் எங்கே? நாலு நாற்காலியில் மூன்றின் மேல் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"எல்லாருக்கும் காய்ச்சல் சார். ஒட்டிக்கும்."

"ஓ... பரவாயில்ல, பரவாயில்ல. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

எதிர்க்கதவு சாத்திக்கொண்டது. பல்செட்காரர் தன் கதவுக்குப் பின்னாலேயே நின்றார். ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் இருந்திருப்பார். இல்லாத மச்சான் வந்து, வந்த மனுஷரைத் துரத்திவிட்டான். அவருக்கு அழுகை வந்தது. அதை அடக்க உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார். அழுகை அடங்கவில்லை, உருளைக்கிழங்கு தீர்ந்தது.

பொழுது சாயும்போது வயிறு மத்தளமாகிவிட்டது. குனிய முடியாமல் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார்.

"ஜீரணத்துக்கு ஏதாவது குடுங்க. கொஞ்சம் சீக்கிரம்."

"அடடா, தீந்துபோச்சே சார்," என்றார் கடைக்காரர். "கடைசி பாட்டிலை இப்பத்தான் உங்க கட்டிடத்துக்காரரு வாங்கிட்டுப் போனாரு. ரயில்ல கார்டா இருந்தாரே, அவரு."

பல்செட்காரருக்குத் தன் வயிறு மறந்துபோயிற்று. தன் நூடுல்ஸ் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. "அவங்க வீட்ல யாருக்கு முடியல? பசங்களுக்கா?"

"எந்தப் பசங்க? அவரு வருஷக்கணக்கா ஒண்டிக்கட்டை சார், வீட்ல டிவி சத்தம் மட்டும்தான் துணை! யாரோ எட்டு பேருக்குன்னு அண்டா நிறைய நூடுல்ஸ் குடுத்தாங்களாம், கொட்ட மனசு வராம ஒரே ஆளா உட்கார்ந்து சாப்பிட்டிருக்காரு!"