எவர்சில்வரில் என் கையெழுத்து

அழகாக எழுதுகிறவன் கையில் காகிதத்தைக் கொடுக்கலாம், தப்பில்லை. கல்யாணப் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது. என் தங்கை மீனாவின் கல்யாணத்தில் எங்கள் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டது.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்தோம். நான் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. வெளிநாட்டு பிஸ்கட் டப்பா, சென்ட் பாட்டில், பார்சிக்காரர்களின் கல்யாணக் கார்டு, இவற்றிலெல்லாம் சுழித்துச் சுழித்து ஓடும் ஆங்கில எழுத்தின் மேல் எனக்குப் பைத்தியம். எழுத்துகள் கைகோத்துக்கொண்டு சாய்ந்து நடக்கும். கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து மொத்தப் பெயருக்கும் அடிக்கோடு போடும். அதே பாணியில் 'சீதாராமன்' என்று கையெழுத்துப் போட வருஷக்கணக்கில் பழகியிருந்தேன். (மானேஜர் ஒருமுறை பார்த்துவிட்டு, "பேனா லீக் ஆகிறதா?" என்று கேட்டார்.)

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி மாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நாங்க எதுவும் கேக்கலை. நீங்களா ஆசைப்பட்டுப் பண்றதைப் பண்ணுங்கோ. ஆனா பாத்திரத்துல பொண்ணு பேர் வெட்டியிருக்கணும். எங்காத்துல ஒரு கல்யாணத்துல யாரோ பேர் போட்ட பாத்திரத்தைச் சபையில பரப்பி வெச்சா. மறுநாளே இரவல் குடுத்தவா வந்து தூக்கிண்டு போயிட்டா."

அன்றிலிருந்து அம்மா வாயில் "பேர், பேர்" என்று ஒரே ஜபம். பெயர் வெட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"தமிழ்ல மீனான்னு சின்னதா வெட்டச் சொல்லு, போறும்" என்றாள் அம்மா. போதுமாவது! இவ்வளவு கலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வதாம்?

கிங்ஸ் சர்க்கிள் பாத்திரக் கடை வாசலில், சின்ன உளியும் சுத்தியலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எதை வரைந்து கொடுத்தாலும் மயிரிழை பிசகாமல் அப்படியே வெட்டிவிடுவார். ஒரு காகிதத்தில் மீனாவின் பெயரைச் சுழித்து எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். படம் வரைந்தவன் மூலையில் கையெழுத்திடுவது போல, கீழே என் கையெழுத்தையும் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, மேலே இருந்ததைவிடக் கீழே இருந்ததுதான் கண்ணைப் பறித்தது.

அவர் இரண்டையும் பார்த்தார். கீழே விரலை வைத்து, இதுதானா என்பது போல, "யே வாலா?" என்று கேட்டார்.

நான் அப்போது ஒரு பெரிய அண்டாவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "ஹாங், ஹாங், யஹீ ஸ்டைல்! சப் பே!" என்றேன் திரும்பாமலே. எல்லாவற்றிலும் இதே பாணி என்றுதான் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலை, செய்தித்தாளில் சுற்றிய பாத்திரங்கள் கடையிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்து இறங்கின. அம்மா பிரித்துப் பிரித்து அடுக்கினாள். நான் பாராட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றேன். அண்டாவில் சீதாராமன். குடத்தில் சீதாராமன். ஸ்பூனில்கூட வால் மடங்கிய குட்டிச் சீதாராமன்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். "அடப்பாவி! இரவல் பாத்திரம்னு நெனைப்பாளேடா!" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆசை ஆசையாக வளர்த்த தங்கையின் மானத்தை நானே கப்பலேற்றிவிட்டு, அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அதற்குள் சம்பந்தி மாமி ஒரு டபராவைக் கையில் எடுத்துவிட்டாள். "என்ன இது, பொண்ணு பேரா? இத்தனை நீளமா இருக்கே?"

மாலையும் கழுத்துமாகக் குனிந்த தலையோடு நின்ற மீனா மெல்லச் சொன்னாள்: "அது கம்பெனி பேரும்மா. ஃபாரின் கம்பெனி. என் பேரை இனிமேதான் வெட்டணும்."

பக்கத்தில் மாப்பிள்ளை. பி.ஏ. படித்தவர். டபராவை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டபராவைப் பார்த்தார். "ஆமாம்மா, நல்ல கம்பெனி" என்றார். அந்தக் கணமே அவருக்கு நான் அடிமையாகிவிட்டேன்.

மாமி விரலால் சுழிகளைத் தடவினாள். "அதானே பார்த்தேன். நம்மவா யாருக்கு இவ்வளவு அழகா எழுத வரும்!" என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு. வாய்விட்டு நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மாமிக்கு அந்தக் கம்பெனி ரொம்பப் பிடித்துவிட்டது. அதே கம்பெனியில் இட்லிப் பானை வேண்டுமென்று டபராவோடு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். கடைசியாக ஏறியது நான் பெயர் வெட்டக் கொடுத்த அதே கடை. வாசலில் அதே உளிக்காரர்.

தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மாமி, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா அம்பி, உங்க கம்பெனில இட்லிப் பானை பண்றதில்லையா?"

எனக்குக் காபி புரையேறியது. மீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளே இட்லிப் பானை வாங்கி, 'மீனா' என்று தமிழில், சுழியில்லாமல் வெட்டச் செய்து, நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கம்பெனி பேரையே காணுமே? டூப்ளிகேட்டைத் தலையில கட்டப் பார்க்கறயா? போய்ப் போட்டுண்டு வா."

போட்டுக்கொண்டு வந்தேன். மீனாவின் பேரக் குழந்தைகளுக்கு இன்று நான் கம்பெனித் தாத்தா. அவர்கள் செம்பூர் வீட்டில் யார் புதுப் பாத்திரம் வாங்கினாலும் அது முதலில் என்னிடம்தான் வரும், கூடவே ஒரு பேனாவும்.